60 முறை ஸ்லாக் பார்த்தால் 23 மணி நேரம் போச்சா? டெவலப்பரின் கவனச் சிதறல் கணக்கு

"ஒருமுறை கவனம் கலைந்தால், விட்ட வேலைக்குத் திரும்ப 23 நிமிடம் 15 வினாடி ஆகும்." மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இந்த வரியை எங்காவது படித்திருப்பார்கள். லிங்க்ட்இன் பதிவுகளில் வரும். கருவி விற்க வருகிற கம்பெனியின் முதல் ஸ்லைடிலும் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. ஒரு நாளில் 60 முறை அலுவலகச் செய்திச் செயலியான ஸ்லாக்கை எட்டிப் பார்க்கிற டெவலப்பர் 23 மணி நேரத்தை இழந்திருக்க வேண்டும். அவர் வேலை பார்ப்பதே எட்டு, ஒன்பது மணி நேரம்தான்.

அதற்காக இந்தப் பிரச்சினையே கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. காலையில் திறந்த ஃபைல் மாலை வரை அப்படியே கிடக்க, நாள் முழுக்க ஓடியாடிய அலுப்பு மட்டும் மிஞ்சுகிற அனுபவம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. நேரம் எங்கே போகிறது, எந்தத் தாவல் செலவு வைக்கிறது, எது வைக்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதைத் தடுப்பது என்று தெரியும்.

அடிப்படை: இயந்திரம் சேமிக்கிறது, மூளை சேமிப்பதில்லை

கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்பது முதலில் இயங்குதளத்தின் சொல். பிராசஸரின் ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் ஓட்டும். அடுத்த வேலைக்கு மாறும்போது, ரெஜிஸ்டர்களில் இருக்கும் மதிப்புகளையும் எந்தக் கட்டளையில் நின்றோம் என்பதையும் இயங்குதளம் நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு, மற்ற வேலையின் விவரங்களை ஏற்றுகிறது. இந்த எழுதி ஏற்றும் வேலை மைக்ரோ வினாடிக் கணக்கில் முடிந்துவிடும். பெரிய செலவு அதற்குப் பிறகுதான். பிராசஸருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகமான கேஷ் முழுக்கப் பழைய வேலையின் தரவு இருப்பதால், புதிய வேலை கொஞ்ச நேரம் மெதுவாகவே ஓடும்.

மனிதருக்கும் இந்த இரண்டாவது செலவு உண்டு. முதல் வசதி மட்டும் இல்லை. பிழை தேடிக்கொண்டிருக்கும் டெவலப்பரின் தலையில் இருப்பதைப் பாருங்கள்: இந்த ஃபங்ஷனை மூன்று இடங்களிலிருந்து கூப்பிடுகிறார்கள், அதில் இரண்டில் சிக்கல் இல்லை என்று பார்த்தாயிற்று, மூன்றாவதில் மதிப்பு காலியாக வருகிறதோ என்று சந்தேகம். இதில் எதுவும் எந்த ஃபைலிலும் இல்லை. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியவை ஏழு அளவில் என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் சொன்னார். 2001இல் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். அந்த நான்கு இடத்தில் ஒரு புது விஷயம் வந்து உட்கார்ந்தால், ஏற்கெனவே இருந்த ஒன்று எழுந்து போகத்தான் வேண்டும்.

வேலை மாறினால் வேகம் குறையும் என்பதை 1927லேயே ஆர்தர் ஜெர்சில்ட் சோதித்துக் காட்டிவிட்டார். 1995இல் ரோஜர்ஸும் மான்செல்லும் செய்த ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. மாற்றம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, தயாராக நேரம் கொடுத்தாலும், அந்தச் செலவு முழுதாக மறைவதில்லை. 2009இல் சோஃபி லெராய் 'கவன மிச்சம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போன பிறகும் மனதின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. மென்பொருளில் பாதியில் விடப்படும் வேலைகளே அதிகம் என்பதால் இது நமக்கு நேராகப் பொருந்தும்.

அந்த 23 நிமிடம்

இந்த எண்ணின் பின்னால் இருப்பவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க். அவருடைய குழு அலுவலக ஊழியர்களின் பின்னாலேயே இருந்து, அவர்கள் எப்போது எதைச் செய்கிறார்கள் என்று நேரம் குறித்தது. 2005இல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் ஒரு வேலையில் சராசரியாக 11 நிமிடம் இருந்துவிட்டு வேறொன்றுக்குப் போகிறார். பாதிக்கும் மேற்பட்ட வேலைகள் நடுவில் தடைபடுகின்றன. தடைபட்ட வேலைக்கு அதே நாளில் திரும்பியவர்களுக்கு அதற்கு ஏறக்குறைய 25 நிமிடம் ஆனது. 23 நிமிடக் கணக்கு அவருடைய பேட்டிகள் வழியாகப் பரவியது.

இங்கேதான் ஸ்லைடு தயாரிப்பவர்கள் வழுக்குகிறார்கள். அந்த 25 நிமிடமும் அந்த ஊழியர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நடுவில் வேறு வேலைகளைச் செய்தார், பிறகு முதல் வேலைக்கு வந்தார். ஆக, அது பழைய வேலைக்குத் திரும்பி வர ஆன நேரம். வீணான நேரம் என்று படித்தால் தப்பு. 2008இல் அதே மார்க், வேறு இருவருடன் செய்த சோதனையின் முடிவு இன்னும் சங்கடமானது. குறுக்கீடுகளுக்கு ஆளானவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். கூடவே மன அழுத்தமும் எரிச்சலும் ஏறியிருந்தன. இந்த ஆய்வை எந்த விற்பனைப் பிரதிநிதியும் காட்டப்போவதில்லை.

டெவலப்பர்களுக்கு உதவும் எண் வேறு இடத்தில் இருக்கிறது. கிறிஸ் பார்னினும் ஸ்பென்சர் ருகாபரும் 86 டெவலப்பர்களின் 10,000 வேலை அமர்வுப் பதிவுகளை அலசினார்கள். தடைபட்ட பிறகு திரும்பி வந்து, நிரலில் மீண்டும் கை வைப்பதற்குப் பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம் ஆனது. ஒரு மெத்தடைத் திருத்திக்கொண்டிருக்கும்போது தடைபட்டால், ஒரு நிமிடத்துக்குள் வேலையைத் தொடர்ந்தது 10 சதவீத முறைதான். மீதி நேரமெல்லாம் அங்குமிங்கும் ஃபைல்களைத் திறந்து, 'நான் எங்கே இருந்தேன்' என்று தேடுவதிலேயே போனது. நான் மேற்கோள் காட்டுவதாக இருந்தால் இந்த எண்ணைத்தான் காட்டுவேன். இது டெவலப்பர்களை வைத்தே எடுத்த கணக்கு.

மூன்று வகைத் தாவல்கள்

திரையில் ஜன்னல் மாறுவதையெல்லாம் ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பிரித்தால் மூன்று வகை.

1. அதே வேலை, பக்கத்து ஜன்னல். எடிட்டரிலிருந்து டெர்மினல், அங்கிருந்து லைப்ரரியின் ஆவணம், மீண்டும் எடிட்டர். ஆல்ட்-டேப்பை நூறு முறை அழுத்தினாலும் தலையில் இருப்பது அதே கேள்விதான். இதன் செலவு பேசத் தக்கதே இல்லை.

2. அதே வேலை, ஆனால் தூரத்துக் கருவி. லாகின் கேட்கும், தேடச் சொல்லும், காத்திருக்க வைக்கும். ஒரு கருவியில் பார்த்த எண்ணை மனதிலோ கிளிப்போர்டிலோ சுமந்துகொண்டு இன்னொன்றுக்குப் போக வேண்டும்.

3. வேறு வேலை. இன்னொருவரின் நிரலைச் சரிபார்க்கும் ரிவ்யூ, இன்னொரு டிக்கெட் (பதிந்து வைத்த பிழை அல்லது வேலை), மீட்டிங். 10-15 நிமிடச் செலவு இங்கேதான்.

மூன்றாவதை எல்லோரும் திட்டுகிறார்கள். இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. கவனச் சிதறலுக்குக் கதவு திறப்பது அங்கேதான் என்பது என் கணிப்பு. ஓர் உதாரணத்தை விரித்துப் பார்க்கலாம்.

டிக்கெட் இது: 'மூன்று பொருளுள்ள ஆர்டரில், ஒவ்வொன்றாக ரீஃபண்ட் செய்தால் ஒரு பைசா குறைகிறது.' 100 ரூபாயை மூன்றாகப் பிரித்தால் 33.33. மூன்றையும் கூட்டினால் 99.99. ரவுண்டிங் மொத்தத் தொகைக்கு நடக்காமல் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக நடக்கிறது என்று டெவலப்பர் ஊகிக்கிறார். நல்ல ஊகம். உறுதி செய்ய, மென்பொருள் தன் செயல்களைக் குறித்து வைக்கும் லாக் பார்க்க வேண்டும்.

லாக் கருவியில் செஷன் முடிந்திருக்கிறது. கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் விபிஎன் இணைப்பு துண்டாகியிருக்கிறது. ஓடிபி வேண்டும், போனை எடுக்கிறார். பூட்டுத் திரையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கல்யாணத் தேதி விவாதம், வங்கிக் குறுஞ்செய்தி ஒன்று. ஓடிபியைப் போட்டு உள்ளே வந்தால் லாகில் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கிறது, டிக்கெட்டில் இந்திய நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். ஆர்டர் எண் டிக்கெட்டில் இருக்கிறது, டிக்கெட்டுகளை வைத்திருக்கும் ஜிராவுக்குப் போகிறார். அங்கே சிவப்புப் புள்ளி: வேறொரு டிக்கெட்டில் அவர் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். 'சாயந்திரம் பார்த்துச் சொல்றேன் ப்ரோ' என்று எழுதுகிறார். அதற்குள் ஒரு லிங்க்கை காப்பி செய்ததில் கிளிப்போர்டிலிருந்த ஆர்டர் எண் போய்விட்டது. மீண்டும் ஜிரா. கடைசியில் லாக் வரிகள் கண்முன் வந்து நிற்கும்போது, இதில் எதைப் பார்க்க வந்தோம் என்பது நழுவியிருக்கிறது.

இந்தக் கதையில் யாரும் அவர் தோளைத் தட்டவில்லை, யாரும் போன் செய்யவில்லை. மார்க்கின் ஆய்வுகளிலும் குறுக்கீடுகளில் கிட்டத்தட்ட பாதி, தமக்குத் தாமே செய்துகொள்பவைதான். 'சுயக் கட்டுப்பாடு இல்லை' என்று அதை வாசிப்பது எளிது. ஆனால் இந்த உதாரணத்தில் அவர் செய்த ஒவ்வொன்றும் வேலைக்குத் தேவையானது. கருவிகள் அமைந்த விதம்தான் அவரை அந்த வழியாக நடக்க வைத்தது.

எங்கே அணை கட்டுவது

*1. தலையில் இருப்பதை வெளியே எழுதுதல்*

இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், பலனும் உடனே தெரியும். எடிட்டரை விட்டு நகரும் முன் ஒரு வரி: 'அடுத்து: ரவுண்டிங் பொருள் அளவில் நடக்கிறதா என்று லாகில் பார்.' என்ன செய்தோம் என்பதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் சொல்லிவிடும். அடுத்து என்ன செய்யவிருந்தோம் என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. அதனால் அதை மட்டும் எழுதினால் போதும். பார்னின் ஆய்வில் சில டெவலப்பர்கள் வேண்டுமென்றே கம்பைல் ஆகாத ஒரு வரியை நட்டுவிட்டுப் போவது பதிவாகியிருக்கிறது. திரும்பி வந்து பில்டு அடித்தால் பிழை நேராக அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடும். தோற்கிற ஒரு டெஸ்ட்டை எழுதி வைத்துவிட்டுப் போவதும் இதே உத்திதான், கொஞ்சம் நாகரிகமாக.

அவசரத் திருத்தம் வந்தால் பலரும் முடியாத மாற்றங்களை ஒதுக்கி வைக்கும் கிட் ஸ்டாஷ் போடுகிறார்கள். ஸ்டாஷ் ஃபைல்களின் மாற்றத்தைத்தான் பத்திரப்படுத்தும். திறந்து வைத்த ஃபைல்கள், ஓடிக்கொண்டிருந்த சர்வர், டீபக்கர் நின்ற இடம் எல்லாம் போய்விடும். நாலு ஸ்டாஷ் சேர்ந்தால் எது எதற்கு என்பதும் மறந்துவிடும். 2015இல் கிட் 2.5 பதிப்பில் வந்த வொர்க்ட்ரீ இதற்குச் சரியான விடை. அதே ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) இன்னொரு பிராஞ்சை, அதாவது கிளையை, தனி ஃபோல்டரில் திறந்து, அவசர வேலையைத் தனி ஜன்னலில் முடிக்கலாம். பழைய ஜன்னல் விட்டது விட்டபடி இருக்கும். இத்தனை வருடமாகியும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவாக இருப்பது ஆச்சரியம்தான்.

*2. தூரத்துக் கருவியை அருகே கொண்டுவருதல்*

ஒரு காலத்தில் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி இணைப்பு எழுத வேண்டியிருந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் அதை மாற்றியது. ஃபங்ஷனின் வரையறையும் பிழைச் செய்தியும் எந்த எடிட்டரிலும் கர்சருக்குப் பக்கத்திலேயே வருகின்றன. இரண்டாம் வகைத் தாவல் முதல் வகையாக இறங்கியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2020இல் கிட்ஹப் வெளியிட்ட கட்டளைவரிக் கருவி, மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் வேலையை டெர்மினலுக்குள் கொண்டுவந்ததும் இதே திசைதான்.

குழு அளவில் இன்னும் எளிய வேலைகள் உண்டு. பிழை பதியும் கருவி, அந்த ஆர்டர் எண்ணும் நேரமும் ஏற்கெனவே நிரப்பப்பட்ட லாக் லிங்க்கை டிக்கெட்டிலேயே போட்டுவிட்டால், மேலே சொன்ன கதையில் பாதி நடந்தே இருக்காது. ஓடிபிக்குப் பதில் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி கொடுத்தால் போன் பைக்குள்ளேயே கிடக்கும். போலித் தளம் காட்டி ஏமாற்றும் ஃபிஷிங்கைத் தடுப்பதிலும் அது ஓடிபியை விட உறுதியானது. பாதுகாப்புக் குழுவும் டெவலப்பர் குழுவும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய அரிதான இடம் இது.

எடிட்டருக்குள் ஸ்லாக்கையே கொண்டுவரும் எக்ஸ்டென்ஷன்களும் இருக்கின்றன. அவை தெருச் சத்தத்தைப் படிக்கும் அறைக்குள் அழைப்பது போல. கொண்டுவர வேண்டியது, கையில் இருக்கிற வேலைக்கான தகவலை மட்டும்.

'எல்லாம் ஒரே டாஷ்போர்டில்' என்ற வாக்குறுதியிலும் எச்சரிக்கை தேவை. ஸ்பாட்டிஃபை 2020இல் திறமூலமாக வெளியிட்ட பேக்ஸ்டேஜ் போன்ற போர்ட்டல்கள், அவற்றைப் பராமரிக்கத் தனிக் குழு இருக்கிற இடத்தில் உதவும். இல்லாத இடத்தில், ஏற்கெனவே இருந்த பத்துக் கருவிகளோடு பதினொன்றாவதாகச் சேரும். வாங்கும் முன் கேட்க வேண்டியது: இது வந்தால் எந்த இரண்டை மூடுவீர்கள்?

*3. காத்திருப்பைச் சுருக்குதல்*

டெஸ்ட் ஐந்து வினாடியில் முடிந்தால் கண் திரையிலேயே இருக்கும். எட்டு நிமிடம் ஆனால் கை தானாக வேறு டேபைத் திறக்கும். பத்து வினாடியைத் தாண்டினால் பயனரின் கவனம் வேறு வேலையைத் தேடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993லேயே எழுதினார். பில்டு வேகத்தை சர்வர் செலவாக மட்டும் பார்க்கிற மேலாளர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை. மாற்றிய பகுதிக்குரிய டெஸ்டுகளை மட்டும் சொந்த மெஷினில் ஓட்ட வழி செய்து, முழுத் தொகுப்பைத் தானாக டெஸ்ட் ஓட்டும் சிஐ அமைப்புக்கு விட்டுவிடுவது பெரும்பாலான குழுக்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

*4. அறிவிப்பை வரிசைப்படுத்துதல்*

வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்ஷன் அமைப்பு விழுந்தால் போன் அடிக்கட்டும். மற்றது எதற்கும் சத்தம் தேவையில்லை. பில்டு வெற்றி என்று எல்லோருக்கும் செய்தி அனுப்புகிற தானியங்கி 'பாட்' நிரலால் யாருக்கும் பயனில்லை. தோல்வி மட்டும், அந்த மாற்றத்தைப் பதிந்தவருக்கு மட்டும் போனால் போதும். ரிவ்யூ வேண்டுகோள்கள் காலையிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மொத்தமாக வரலாம். கணினி அறிவியலாளர் டொனால்டு கனூத் 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலையே விட்டுவிட்டு, வருகிற கடிதங்களை அவ்வப்போது மொத்தமாகப் பார்த்துப் பதில் தருகிறார். ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைக்கெடுவில் இருக்கிற யாருக்கும் அந்த ஆடம்பரம் வாய்க்காது. மொத்தமாகப் பார்ப்பது என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

*5. குழுவின் விதி*

தனி ஆள் 'தொந்தரவு செய்யாதே' போட்டால் இரண்டு நாள் தாங்கும். மேலாளர் பச்சைப் புள்ளியைப் பார்த்துத்தான் ஆள் வேலை செய்கிறாரா என்று முடிவு செய்கிறார் என்றால், மூன்றாம் நாள் அந்த ஆளே அதை எடுத்துவிடுவார். இதில் கவனிக்கத்தக்க முயற்சி ஃபுளோலைட். 2017இல் வெளியான அந்தக் கள ஆய்வில் 12 நாடுகளில் 449 பேரின் மேசைகளில் ஒரு விளக்கு வைக்கப்பட்டது. கீபோர்டு, மவுஸ் பயன்பாட்டை வைத்து அதுவாகவே சிவப்புக்கோ பச்சைக்கோ மாறும். குறுக்கீடுகள் 46 சதவீதம் குறைந்தன. நிலையைக் கையால் மாற்றத் தேவையில்லாததும், அதை மதிக்கும் வழக்கம் அலுவலகம் முழுக்கப் பரவியதும் இதில் பெரிய பங்கு வகித்தன என்று நினைக்கிறேன்.

விளக்கு இல்லாமலும் செய்யலாம். வாரம் ஒருவர் முறை வைத்து, எல்லாக் கேள்விகளையும் அவசர டிக்கெட்டுகளையும் அவர் வாங்கிக்கொள்ளட்டும். அந்த வாரம் அவருக்குப் புது ஃபீச்சர் எதுவும் தரக்கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிடுவதால்தான் பல இடங்களில் ஏற்பாடே உடைகிறது.

அமெரிக்க வாடிக்கையாளருக்காகச் சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கிற குழுக்களுக்கு ஒரு வசதி கையிலேயே இருக்கிறது. நம் காலை நேரத்தில் எதிர்முனை தூங்குகிறது, ஸ்டாண்டப் எனும் தினக் கூட்டம் சாயங்காலம்தான். யாரும் கேள்வி கேட்காத அந்த மூன்று, நான்கு மணி நேரத்தில்தான் உள்ளூர் மீட்டிங்குகளும், வாடிக்கையாளர் கணக்குக்கு ஒன்று, சொந்தக் கம்பெனிக்கு ஒன்று என்று இரட்டை டைம்ஷீட்டும் வந்து குந்துகின்றன. அவற்றை மதியத்துக்குத் தள்ள எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை.

ஏஐ வந்த பிறகு

ஏஐ உதவியாளர்கள் இரண்டாம் வகைத் தாவலைக் குறைக்கக்கூடும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற இணைப்பு முறைகள் வழியாக, டிக்கெட்டையும் லாகையும் உதவியாளரே போய் எடுத்து வரலாம். அனுமதிகளைச் சரியாக அமைத்தால் நம் ரீஃபண்ட் டெவலப்பருக்கு ஜிராவுக்கும் லாகுக்கும் நடக்கிற நடை மிச்சம்.

ஆனால் தானே நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட் வேலை செய்கிற மூன்று, நான்கு நிமிடம் பழைய பில்டு காத்திருப்பின் மறுபிறவி. அதை நிரப்ப இரண்டாவது ஏஜென்ட்டை வேறொரு டிக்கெட்டில் ஓடவிட்டால், அது மூன்றாம் வகைத் தாவலை நாமே காசு கொடுத்து வாங்குவது. 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 திறமூல டெவலப்பர்களை 246 பணிகளில் சோதித்தது. ஏஐ பயன்படுத்தியபோது வேலை முடிய 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. முடித்த பிறகும் அவர்கள் 20 சதவீதம் வேகமானதாகவே நம்பினார்கள். ஒரு சிறு குழுவின், அந்தக் காலத்துக் கருவிகளின் கணக்கு என்பதால் இதை எல்லோருக்கும் நீட்ட முடியாது. ஆனாலும் வேகமாகப் போகிறோம் என்ற உணர்வை மட்டும் நம்பிக் கருவியை மதிப்பிட முடியாது என்பதற்கு இது போதுமான சான்று.

இப்போதைக்கு நடைமுறையில் தாங்குகிற வழி ஒன்று உண்டு. ஏஜென்ட் ஓடும்போது அதே டிக்கெட்டிலேயே இருப்பது. ஒரு பைசா எந்த வரிசையில் எந்தப் பொருளுக்குச் சேர வேண்டும், கடைசி ரீஃபண்டில் மீதியை ஏற்றுவதா, பாதியில் ஆர்டர் ரத்தானால் என்ன என்று டெஸ்ட் நிலைமைகளை எழுதிக்கொண்டிருக்கலாம். ஏஜென்ட் தரும் நிரலை ரிவ்யூ செய்ய எப்படியும் அவை வேண்டும்.